பள்ளிவாசலின் தூண்கள் எத்தனை?
பழைய கட்டடங்களைத் திருத்துவது குறித்து ஒரு விமர்சனக் குறிப்பு

1

2019 ஆம் ஆண்டு பல்கலைக்கழக மாணவியொருவர் தனது ஆய்வுக்காக என்னைத் தேடி வந்தார். கிழக்குக் கரையோர முஸ்லிம் ஊர்களின் பழைய பள்ளிவாசல்கள் பற்றிய ஆய்வு. எங்களூர் ஜும்ஆப் பள்ளியின் பழைய கட்டடம் உடைக்கப்பட்டு அப்போது இருபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. "உள்பள்ளியில் எத்தனை தூண்கள் இருந்தன சேர்?" என்று கேட்டார். பதினாறு என்றேன். பக்கத்திலிருந்த என் மூத்த காக்கா பன்னிரண்டு என்றார். பழைய மோதினாரின் மகனை அழைத்து விசாரித்தோம். அவர் கண்ணை மூடி விரல் மடித்து எண்ணிவிட்டுப் பதினான்கு என்றார். மூவரும் அந்தத் தூண்களில் முதுகு சாய்த்து ஓதி வளர்ந்தவர்கள்.

மாணவி மூன்று எண்களையும் சொன்னவர்களின் பெயரோடு குறித்துக்கொண்டார். பிறகு, எழுத்தில் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். 1999 இல் புதிய பள்ளிவாசல் திறக்கப்பட்டபோது வெளியிட்ட சிறப்பு மலரை எடுத்துக் கொடுத்தேன். அதில் நான்கு பக்கத்துக்கு நானே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். புதிய குப்பாவின் உயரம், நன்கொடையாளர் விபரம், தரைக்குப் பதித்த மாபிள் எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் அதில் உண்டு. பழைய கட்டடத்துக்கு நான் ஒதுக்கியது ஒரேயொரு வாக்கியம். இடிந்து விழும் நிலையிலிருந்த பழைய கட்டடம் அகற்றப்பட்டது என்பதுதான் அது. அந்த மாணவி அதை வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மலரைத் திருப்பித் தந்தார்.

அந்த வாக்கியத்தைத்தான் இங்கு விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். அடுத்தவரின் எழுத்தைக் குறை சொல்வதற்கு முன் என்னுடையதிலிருந்து தொடங்குவது முறையென்று படுகிறது.

2

நமது கவிதைகளிலும் சிறுகதைகளிலும் பழைய பள்ளிவாசலுக்குக் குறைவில்லை. கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் வந்த தொகுதிகளைப் புரட்டினால் ஹவுழின் குளிர்ந்த தண்ணீர் வரும். நோன்புக் கஞ்சியின் மணம் வரும். புறாக்கள் வரும். முற்றத்து வேம்பும், வாப்பாவின் கையைப் பிடித்து நடந்த பெருநாள் காலையும் வரும். இவை பொய்யல்ல. ஆனால் ஒரு பள்ளியைப் பற்றிய வரிகளை எடுத்து இன்னோர் ஊர்ப் பள்ளிக்கு வைத்தாலும் பொருந்தும். அதுதான் என் குறை. கட்டடம் நமது பால்யத்தை ஊற்றி வைக்கும் பாத்திரமாகிவிடுகிறது. பாத்திரம் எதனால் ஆனது என்று எழுத்தாளர் பார்ப்பதில்லை. தூண் கல்லா, செங்கல்லா, மரமா? கூரை எத்தனை படி இறங்கியது? மிஹ்ராபின் மேல் வளைவு எப்படி இருந்தது? கட்டிய கொத்தனார் யார், எந்த ஊரவர்? இழந்துவிட்டோம் என்று பாடுகிறோம். இழந்தது எதுவென்று சொல்வதில்லை. இந்த வகையில் நானும் இரண்டு கவிதைகள் எழுதியிருக்கிறேன். இரண்டிலும் தூண் வருகிறது. எண்ணிக்கை வரவில்லை.

இதற்கு எதிர்ப்புறத்தில் ஒரு நூலை வைத்துப் பார்க்கலாம். மெஹர்தாத் ஷொகூஹி என்ற கட்டடக்கலை ஆய்வாளர் தென்னிந்திய முஸ்லிம் கட்டடக்கலை பற்றி எழுதிய ஆங்கில நூல் 2003 இல் வெளிவந்தது. நமது மூதாதையர் பலருக்குப் பெண் கொடுத்து எடுத்த ஊர்களான காயல்பட்டினத்தினதும் கீழக்கரையினதும் பழைய பள்ளிகள் அதில் அளந்து வரையப்பட்டிருக்கின்றன. தூணின் அடி, உடல், தலை என்று தனித்தனியாகக் காட்டப்பட்டிருக்கின்றன. கோயில் மண்டபம் செய்து பழகிய அதே கல்தச்சு மரபு, உருவங்களை விட்டுவிட்டுப் பூவையும் கொடியையும் வைத்துக்கொண்டு தொழுகை மண்டபமாக மாறியதை வரைபடத்திலேயே காணலாம். அந்த நூல் உணர்ச்சி வசப்படுவதில்லை. ஆயினும் நமது ஏக்கக் கவிதைகள் தராத ஒன்றை அது எனக்குத் தந்தது. அந்தப் பள்ளிகளில் ஒன்று நாளை இல்லாமற் போனாலும், போனது இன்னதென்று சொல்ல முடியும்.

3

பழைய கட்டடத்தைத் திருத்துவதும் பழைய ஏட்டைப் பதிப்பிப்பதும் ஒரே குணமுள்ள வேலைகள் என்பது என் எண்ணம். இலக்கியக்காரர்களாகிய நமக்கு இரண்டாவது தெரியும் என்பதால் அதிலிருந்து முதலாவதை விளங்கிக்கொள்ளலாம்.

உ.வே. சாமிநாதையர் 1894 இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். 267, 268 ஆம் பாட்டுகள் ஏடுகளில் கிடைக்கவில்லை. இன்றும் அந்த இரண்டு எண்களும் வெறுமையாகவே நிற்கின்றன. சங்கச் செய்யுளில் தோய்ந்த ஒருவருக்கு அதே நடையில் இரண்டு பாட்டு இயற்றி நிரப்புவது முடியாத காரியமல்ல. அவர் நிரப்பவில்லை. அந்த இடைவெளி இருப்பதால்தான் மற்றப் பாட்டுகளை நாம் நம்புகிறோம். ஏட்டில் பூச்சி அரித்த இடத்தைப் பதிப்பாசிரியர் தன் சொந்தச் சொல்லால் மூடிவிட்டால், அரிக்காத இடமும் சந்தேகத்துக்குரியதாகிவிடும்.

கட்டடங்கள் விடயத்தில் இந்தச் சண்டை ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடந்தது. பிரான்சில் வியோலே-லெ-தூக் என்பவர், ஒரு கட்டடத்தை மீட்பது என்றால் அதை முழுமையான நிலைக்குக் கொண்டுவருவது, அப்படியொரு நிலை வரலாற்றில் ஒருநாளும் இருந்திருக்காவிட்டாலும் பரவாயில்லை என்ற கருத்துடையவர். கார்க்கசோன் கோட்டை நகரை அவர் அப்படித்தான் திருத்தினார். கோபுரங்களுக்கு அவர் வைத்த கூரான கற்பலகைக் கூரைகள் அந்தத் தென்பகுதிக்கு உரியவையல்ல, வடக்கிலிருந்து வந்தவை என்று கண்டித்தார்கள். இங்கிலாந்தில் ஜோன் ரஸ்கின் 1849 இல் எழுதிய நூலில், மீட்டமைப்பு என்பது தொடக்கம் முதல் முடிவு வரை பொய், இறந்தவரை எழுப்ப முயல்வது போன்றது என்று வாதிட்டார். அவரைப் பின்பற்றிய வில்லியம் மொரிஸ் 1877 இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். நாளாந்தம் கவனித்துக்கொண்டால் பெரிய திருத்தம் தேவைப்படாது என்பது அவர் கட்சி. ஓடு விலகினால் அன்றைக்கே சரி செய்வது, பீலி அடைத்தால் அன்றைக்கே துப்புரவாக்குவது, அவ்வளவுதான்.

இந்த வாதங்களின் விளைவாக 1964 இல் வெனிஸ் சாசனம் உருவானது. அதில் மூன்று விதிகள் எனக்கு முக்கியமானவை. ஊகம் தொடங்கும் இடத்தில் திருத்தம் நிற்க வேண்டும். புதிதாகச் சேர்த்த பகுதி பழையதோடு இசைந்திருக்க வேண்டும், அதேவேளை புதியது என்று கண்டறியக்கூடியதாகவும் இருக்க வேண்டும். செய்த ஒவ்வொரு வேலையும் படத்தோடும் வரைபடத்தோடும் பதிவு செய்யப்பட வேண்டும். இம்மூன்றும் பதிப்பாசிரியரின் விதிகள்தாம். புள்ளி இடு, அடைப்புக்குறி போடு, அடிக்குறிப்பு எழுது.

இது ஐரோப்பியர் சமாசாரம் என்று ஒதுக்குவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சாசனத்தைக் காக்கும் சர்வதேச அமைப்பான இகொமொஸ் 1990 முதல் 1999 வரை இலங்கையரான ரோலண்ட் சில்வாவின் தலைமையில் இயங்கியது. 1993 இல் அதன் பொதுச்சபை கொழும்பில்தான் கூடியது. அடுத்த ஆண்டு ஜப்பானில் வெளியான நாரா ஆவணம், எது உண்மையான பழைமை என்பதை அந்தந்தப் பண்பாட்டின் உள்ளிருந்தே தீர்மானிக்க வேண்டும் என்று கூறியது. மரத்தால் கட்டியவர்களுக்கும் மண்ணால் கட்டியவர்களுக்கும் கல்லால் கட்டியவர்களின் அளவுகோல் போதாது என்பதை உலகம் அப்போது ஒப்புக்கொண்டது. நாம் அந்த உரையாடலில் கலந்துகொள்ளவில்லை. நமது பள்ளிகளை உடைத்துக்கொண்டிருந்தோம்.

4

இனி, இடிந்து விழும் நிலை என்ற என் சொற்களுக்கு வருகிறேன். அது ஏன் அந்த நிலைக்கு வந்தது?

எங்கள் பழைய பள்ளியின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டது. முதிரை மரத்தில் கூரை, மேலே ஓடு. எழுபதுகளில் சுவரின் அடிப்பகுதியில் ஈரம் ஊறிப் பூச்சு உதிரத் தொடங்கியது. நம்பிக்கையாளர்கள் நல்ல மனதோடுதான் செயற்பட்டார்கள். பழைய பூச்சை உரித்துவிட்டு, இடுப்பளவு உயரத்துக்குச் சீமெந்து பூசினார்கள். சில ஆண்டுகளில் ஈரம் அந்தச் சீமெந்துக்கு மேலே தலைகாட்டியது. இன்னும் உயரமாகப் பூசினார்கள். அதற்கும் மேலே ஏறியது. தொண்ணூறுகளில் பார்க்க வந்தவர்கள் சீமெந்தை ஓரிடத்தில் தட்டிப் பெயர்த்தபோது உள்ளே செங்கல் மாவாகக் கொட்டியது. சுவர் உளுத்துவிட்டது என்று தீர்ப்பானது. 1996 இல் உடைத்தோம்.

பின்னர்தான் இதன் காரணத்தை வாசித்து அறிந்தேன். சுண்ணாம்புப் பூச்சு நுண்துளை கொண்டது. நிலத்திலிருந்து சுவருக்குள் ஏறும் ஈரம் அதன் வழியாக ஆவியாகி வெளியேறும். சாந்து செங்கல்லைவிட மென்மையானது என்பதால் சேதம் வந்தால் முதலில் சாந்துக்குத்தான் வரும். அதைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசலாம். கல் பிழைக்கும். 1824 இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற போர்ட்லண்ட் சீமெந்து அப்படியல்ல. அது இறுக்கமானது, பழைய செங்கல்லைவிடக் கடினமானது. ஈரத்தை உள்ளே பூட்டி வைத்துவிடும். வெளியேற வழியில்லாத ஈரம் பூச்சு இல்லாத இடம் தேடி மேலே ஏறும். கரையோரத்து நிலத்தின் உப்பும் அதோடு சேர்ந்து ஏறிச் செங்கல்லின் துளைகளுக்குள் பளிங்காகி விரியும். செங்கல்லின் முகம் பொருக்காகக் கழன்று, பிறகு மாவாகும். வெளியே சீமெந்து உறுதியாகவே நிற்கும். தட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

அதாவது, எங்கள் பள்ளி முதுமையால் அந்த நிலைக்கு வரவில்லை. திருத்தத்தால் வந்தது. ஈரத்தின் காரணத்தைத் தேடி, சீமெந்தை உரித்து, சுவரை உலரவிட்டுச் சுண்ணாம்பு பூசியிருந்தால் நிச்சயம் பிழைத்திருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கவே எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. மலரில் எழுதிய எனக்கும் தெரியவில்லை. தெரியாத விடயத்தைத் தீர்ப்பாக எழுதியதுதான் என் குற்றம்.

பழைய முறைகள் எல்லாவற்றையும் அப்படியே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. நமது கரையோரச் சுண்ணாம்பு பெரும்பாலும் கடலின் முருகைக்கல்லைச் சூளையில் சுட்டு எடுத்தது. கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1988 இல் வந்த திருத்தம் கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதைத் தடை செய்தது. அது சரியான தடை. 2004 சுனாமியில் தென்மேற்குக் கரையில், முருகைப் பாறையை அகழ்ந்து எடுத்திருந்த இடங்களில் கடல் கூடுதலாக உள்ளே புகுந்ததை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். இன்று சுண்ணாம்பை நிலத்துச் சுண்ணக்கல்லிலிருந்து பெறலாம். பொருள் எங்கிருந்தும் வரட்டும், அதன் குணம் சுவரின் குணத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பதுதான் பாடம்.

5

உடைந்தே போனதை மீண்டும் கட்டலாமா என்பது இதைவிடக் கடினமான கேள்வி. பொஸ்னியாவின் மொஸ்தார் பாலம் இதற்கு நல்ல உதாரணம்.

சுல்தான் சுலைமான் காலத்தில் கட்டத் தொடங்கி 1566 இல் முடிக்கப்பட்ட ஒற்றை வளைவுக் கற்பாலம் அது. கட்டியவர் மிமார் ஹைருத்தீன். மாபெரும் கட்டடக் கலைஞர் சினானின் மாணவர் என்று சொல்லப்படுபவர். நெரட்வா ஆற்றுக்கு மேலே ஏறத்தாழ 29 மீற்றர் தூரம் தாவி நின்றது. 427 ஆண்டுகள் நின்ற பிறகு, 1993 நவம்பர் 9 ஆம் திகதி குரோவாசியப் படையினரின் எறிகணைகளால் ஆற்றில் விழுந்தது. போர் முடிந்தபின் ஹங்கேரிய இராணுவச் சுழியோடிகள் ஆற்றிலிருந்து கற்களை எடுத்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை மீண்டும் பயன்படுத்தும் நிலையில் இருக்கவில்லை. எனவே அதே வகைக் கல்லை அவ்வூர்க் கற்சுரங்கத்திலிருந்து வெட்டி எடுத்தார்கள். பழைய முறைப்படியே இரும்புக் கொளுவிகளால் பூட்டி, இடுக்கில் ஈயம் உருக்கி ஊற்றினார்கள். யுனெஸ்கோ, உலக வங்கி உள்ளிட்ட பல தாபனங்கள் உதவின. 2004 ஜூலை 23 இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. 2005 இல் அது உலக மரபுரிமையானது.

இது வெனிஸ் சாசனத்தின் கண்டிப்பான வாசிப்புக்கு ஒவ்வாது. ஆயினும் நான் இதை ஏற்கிறேன். இரண்டு காரணங்கள். ஒன்று, பாலம் விழுவதற்கு முன்பே அதன் அளவுகளும் வரைபடங்களும் படங்களும் எடுக்கப்பட்டிருந்தன. எனவே ஊகத்துக்கு இடம் குறைவாக இருந்தது. இரண்டு, நடந்ததை அவர்கள் மறைக்கவில்லை. பயன்படாத பழைய கற்கள் ஆற்றங்கரையில் வைக்கப்பட்டன. தொண்ணூற்று மூன்றை மறவாதே என்ற பொருள்பட எழுதிய ஒரு கல் பாலத்தருகே கிடக்கிறது. ஆனால் பாலம் வந்ததும் ஊர் ஒன்றாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். ஆற்றின் இரு கரைச் சமூகங்களின் பிள்ளைகள் பாலம் திறந்த பின்பும் வெவ்வேறு பாடத்திட்டங்களிலேயே படித்தார்கள். கொத்தனாரால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

இதை வாசிக்கும் எவருக்கும் யாழ்ப்பாணப் பொது நூலகம் நினைவுக்கு வரும். 1981 மே 31 இரவு தொடங்கிய வன்செயலில் ஏறத்தாழ 97,000 நூல்களோடு அது எரிக்கப்பட்டது. எரிந்த கட்டடத்தை நினைவுச்சின்னமாக அப்படியே விட வேண்டும் என்ற கருத்தும் வலுவாக இருந்தது. இறுதியில் பழைய வடிவிலேயே திருத்தப்பட்டு 2004 இல் வாசகருக்குத் திறக்கப்பட்டது. இன்று அதன் வெண்ணிற முகப்பைப் பார்ப்பவருக்குத் தீ தெரியாது. பிள்ளைகளுக்குப் படிக்க நூலகம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. திருத்தியதும் சரியே. ஆனால் ஒரு சுவரையாவது, ஒரு தூணையாவது கரியோடு விட்டிருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு உண்டு. புறநானூற்றின் 267 ஐப் போல.

6

இதுவரை சுவரைப் பற்றியே பேசினேன். சுவரைக் காத்து மனிதரை இழப்பதும் உண்டு.

காலிக் கோட்டை 1988 இல் உலக மரபுரிமையானது. அங்கு முஸ்லிம்கள் தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள். வெளிச்சவீட்டுக்கு எதிரே இரு கோபுரங்களோடு தேவாலயம் போலத் தோன்றும் வெண்ணிற மீரான் பள்ளி அவர்களுடையது. 2000 ஆம் ஆண்டுகளின் தொடக்கம் முதல் கோட்டைக்குள் வீட்டு விலை ஏறியது. வெளிநாட்டவர் வாங்கினார்கள். பழைய வீடுகள் விருந்தினர் விடுதிகளாகவும் கடைகளாகவும் மாறின. அவற்றிற் பல அழகாகவே திருத்தப்பட்டன. விற்ற குடும்பங்களைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் பாங்கு கேட்டு இறங்கி வரும் தூரத்தில் ஆளில்லாமற் போனால், திருத்தமாகக் காக்கப்பட்ட பள்ளியும் ஒரு காட்சிப்பொருள்தான். வடக்கிலிருந்து 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட நமது மக்கள் திரும்பிப் போய்ப் பார்த்தபோது கண்ட கூரையற்ற, கதவற்ற வீடுகளும் இதையே வேறு விதமாகச் சொல்கின்றன. ஆள் இல்லாத வீட்டில் முதலில் ஓடு போகும். பிறகு மழை மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

மாலி நாட்டின் ஜென்னே நகரப் பெரிய பள்ளிவாசல் இதற்கு மறுதலை. மண்ணால் ஆன கட்டடம். இப்போதுள்ளது 1907 இல் கட்டியது. மழைக்காலத்துக்கு முன் ஆண்டுதோறும் ஊரே கூடி அதன் சுவர்களுக்குப் புதிதாக மண் பூசுகிறது. சுவரிலிருந்து வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் பனங்கட்டைகள் அழகுக்கு மட்டுமல்ல, கொத்தர்கள் ஏறி நிற்கும் சாரமும் அவைதாம். கட்டியவர்களே அடுத்த தலைமுறை ஏறித் திருத்துவதற்கும் இடம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மண் சுவர் கல்லைவிட நீண்டகாலம் நிற்பதற்குக் காரணம் மண் அல்ல.

7

இப்படிப் பேசும்போது நமக்குள் இரண்டு ஆட்சேபங்கள் எழும். கட்டடத்தைப் போற்றுவது மார்க்கத்துக்கு ஏற்றதா என்பது முதலாவது. ஜமாஅத் பெருகும்போது சின்னப் பள்ளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்க முடியுமா என்பது இரண்டாவது.

முதலாவதற்கு மார்க்கத்துக்குள்ளேயே பதில் உண்டு. பள்ளிவாசல் வக்பு. வக்பு சொத்தின் வருமானத்தில் முதற் செலவு அந்தச் சொத்தின் பராமரிப்பு என்பதும், வக்பு செய்தவர் அதைக் குறிப்பிடாவிட்டாலும் அது கடமை என்பதும் ஹனபி சட்ட நூல்களில் தெளிவாக உள்ள விதி. பயன்பெறுவோருக்குப் பங்கு அதற்குப் பிறகுதான். இதைவிடப் பழைய பராமரிப்புச் சாசனம் நமக்குத் தேவையா? மொரிஸ் 1877 இல் சொன்ன நாளாந்தக் கவனிப்பை நமது பிக்ஹு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்னரே கடமையாக்கியிருக்கிறது. 1956 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்கச் சட்டப்படி பதிவான நமது பள்ளிகளின் நிருவாகங்கள் வரவுசெலவுக் கணக்கு வைக்கின்றன. அந்தக் கணக்கில் பராமரிப்புக்கென்று ஒரு வரியைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் பெயின்ற் செலவுதான் இருக்கும். இங்கு போற்றுதல் என்ற பேச்சே இல்லை. அமானிதம் என்ற பேச்சுத்தான்.

இரண்டாவது ஆட்சேபம் நியாயமானது. எங்களூரிலும் வெள்ளிக்கிழமைகளில் முற்றத்து வெயிலில் ஸஃப் நின்றது. பெண்களுக்கு இடமே இருக்கவில்லை. ஆனால் பெருப்பிப்பதற்கு உடைப்பது ஒன்றே வழியல்ல. கொழும்பு புறக்கோட்டையின் ஜாமிஉல் அல்பார் பள்ளி, நாம் சிவப்புப் பள்ளி என்று அழைப்பது, 1909 இல் கட்டி முடிந்தது. எழுபதுகளில் இடம் போதாதபோது அயற்காணிகளை வாங்கி விரிவாக்கினார்கள். சிவப்பும் வெள்ளையுமான முகப்பு அப்படியே நிற்கிறது.

அந்தப் பள்ளி எனக்கு வேறொரு பாடமும் கற்பித்தது. புதிய பள்ளிகளின் அறபுநாட்டுக் குப்பாக்கள் அந்நியமானவை என்று நான் பல மேடைகளில் பேசியிருக்கிறேன். சிவப்புப் பள்ளியை வடிவமைத்த ஹபீபு லெப்பை ஸாயிபு லெப்பை முறையாகக் கட்டடக்கலை படித்தவரல்லர் என்றும், இந்திய வணிகர்கள் கொடுத்த விபரங்களைக் கொண்டு அதை வடிவமைத்தார் என்றும் சொல்வார்கள். அதுவும் ஒருகாலத்தில் வந்தேறிய வடிவந்தான். இன்று அது நம்முடையது. ஆகவே வடிவம் எங்கிருந்து வந்தது என்ற என் பழைய வாதத்தை மீளப்பெறுகிறேன். முன்னிருந்ததை அழித்துவிட்டு அந்த இடத்தில் வந்ததா, அதன் பக்கத்தில் வந்ததா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

8

அரசு பார்த்துக்கொள்ளும் என்று இருக்கவும் முடியாது. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம், பழைமையான சின்னம் என்பதற்கு 1815 மார்ச் 2 ஐ எல்லையாக வைக்கிறது. கண்டி ஒப்பந்தத்தின் திகதி அது. அதற்குப் பின் எழுந்தவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு தானாக வராது, தனியாகப் பிரகடனப்படுத்தப்பட வேண்டும். இன்று நிற்கும் நமது பள்ளிகளில் அநேகமானவை அந்தத் திகதிக்குப் பிற்பட்டவை. இன்னொரு பக்கத்தில், 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்காக ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டபோது, முதலில் நியமிக்கப்பட்டோரில் தமிழரோ முஸ்லிமோ ஒருவரும் இருக்கவில்லை. நாம் கோபப்பட்டோம், அறிக்கை விட்டோம். கோபம் சரியானதே. அதேவேளை, இந்த மண்ணில் நமது வேர் எவ்வளவு பழைமையானது என்று யாராவது கேட்டால் நீட்டிக்காட்டக்கூடிய சுவர்களை நாமே லொறியில் ஏற்றிப் பள்ளம் நிரப்பக் கொடுத்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளியின் செங்கல் எந்த வளவுக்குப் போனது என்று எனக்குத் தெரியும்.

1911 இல் காலியில் ஒரு மதகை மூடியிருந்த கற்பலகையைப் புரட்டியபோதுதான் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் பொறித்த பதினைந்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு வெளிப்பட்டது. நமது வரலாற்றுக்கு அவ்வளவு முக்கியமான சான்று. யாரோ அதை வெறும் பலகையாக எண்ணித்தான் மதகில் போட்டிருப்பார்கள். நாமும் பலகை என்று எண்ணிப் போட்டவை எத்தனையோ.

எழுதுகிறவர்களிடம் என் வேண்டுகோள் சிறியது. உங்கள் ஊரில் ஒரு பழைய பள்ளியோ தக்கியாவோ சியாரமோ நின்றால், அதைப் பற்றிக் கவிதை எழுதுவதற்கு முன் ஒரு அளவுநாடாவை எடுத்துக்கொண்டு போங்கள். தூண்களை எண்ணுங்கள். சுவரின் தடிப்பை அளவுங்கள். கூரையைப் படம் எடுங்கள். கட்டியவர் பெயரைக் கிழவர்களிடம் கேளுங்கள். மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால் மூன்றையும் எழுதுங்கள். அந்த மாணவி செய்தது அதுதான். பன்னிரண்டு, பதினான்கு, பதினாறு என்று அவர் பெயரோடு குறித்துக்கொண்டபோது எங்களைக் கேலி செய்கிறார் என்று நினைத்தேன். பாடபேதம் குறிக்கும் நேர்மை அது என்று பிறகுதான் உறைத்தது.

எங்களூரின் தெற்கு ஒழுங்கையில் ஒரு பழைய தக்கியா இன்னும் நிற்கிறது. ஓடு சில இடங்களில் ஒழுகுகிறது. சுவரின் அடியில் சீமெந்து பூசலாமா, உடைத்துவிட்டு மாடிக் கட்டடம் எழுப்பலாமா என்று பேச்சு நடக்கிறது. வரும் கூட்டத்துக்கு இந்தக் கட்டுரையின் பிரதியோடு போவேன். கேட்பார்களா என்று தெரியாது. போன மாதம் என் பேரனை நாடாவின் மறுமுனையைப் பிடிக்கவிட்டு முழுவதையும் அளந்துவிட்டேன். உள்ளே நீளம் 28 அடி, அகலம் 19 அடி. சுவரின் தடிப்பு 20 அங்குலம். கூரை மரம் முதிரை. இரண்டு கைமரங்களின் நுனி மட்டுமே உளுத்திருக்கிறது, அந்த நுனிகளை வெட்டிப் புது மரம் பொருத்தினால் போதும். தூண்கள் எட்டு. நான் எண்ணினேன், பேரனும் எண்ணினான். எட்டு.